பிங்க் ஃபிளாய்டின் ஐந்து கொலம்பியா சிங்கிள்கள்: 1967–68 இசைத்தட்டுகளைச் சேகரிப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிங்க் ஃபிளாய்ட் என்றதும் பெரும்பாலோருக்கு நீண்ட ஆல்பங்களும் பிரம்மாண்டமான மேடைகளுமே நினைவுக்கு வரும். ஆனால் சிட் பாரெட் தலைமையில் லண்டனின் சைக்கடெலிக் இரவுக் கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், மற்ற பிரிட்டிஷ் ராக் குழுக்களைப் போலவே அவர்களும் ஏழு அங்குலத் தட்டில் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைப் பதித்து, அது தரவரிசைப் பட்டியலில் ஏறுமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. 1967 மார்ச்சில் தொடங்கி 1968 டிசம்பருக்குள் பிரிட்டனில் அவர்கள் வெளியிட்டவை ஐந்தே சிங்கிள்கள். அதன்பிறகு 1979 நவம்பர் வரை, ஏறத்தாழ 11 ஆண்டுகள், தாய்நாட்டில் அவர்கள் ஒரு சிங்கிள்கூட வெளியிடவில்லை.

இந்த இடைவெளிதான் சேகரிப்பவருக்கு வாய்ப்பாக அமைகிறது. ஐந்து தட்டுகள், பத்துப் பக்கங்கள், ஒரே நிறுவனம், ஒரே லேபிள் என எல்லை தெளிவாக வரையப்பட்ட ஒரு தொகுப்பு ராக் இசையில் அரிதாகவே கிடைக்கிறது. பீட்டில்ஸ் சிங்கிள்களைச் சேர்க்கத் தொடங்கியவர் மறுபதிப்புகளின் காட்டில் ஆண்டுக்கணக்கில் அலைய நேரும்; இந்த ஐந்தையோ பொறுமையும் ஓரளவு பணமும் உள்ள எவரும் முழுமையாகச் சேர்த்துவிடலாம். அதற்கு எதை, எந்த வரிசையில், எப்படிப் பார்த்து வாங்குவது என்பதே இனி வருவது.

முதல் படி: எல்லையை வரைந்துகொள்ளுதல்

வாங்கத் தொடங்கும் முன் எதைச் சேர்க்கப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பிரிட்டனின் விற்பனைப் பிரதிகள் மட்டுமா, வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட விளம்பரப் பிரதிகளும் வேண்டுமா, பிரான்ஸ், ஜப்பான், அமெரிக்கா போன்ற நாடுகளின் பதிப்புகளும் சேருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். முதல் தொகுப்பாகப் பிரிட்டனின் விற்பனைப் பிரதிகள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. மற்றவை எல்லாம் இந்த ஐந்தைக் கையில் வைத்து நன்கு படித்த பிறகு புரியக்கூடியவை. அவற்றில் தொடங்குபவர் ஒப்பிட எதுவுமின்றி விற்பவரின் வாய்ச்சொல்லையே நம்ப நேரிடும்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்த ஐந்தும் வெளிவந்த கொலம்பியா என்பது அப்போது பிரிட்டனின் இஎம்ஐ நிறுவனத்துக்குரிய லேபிள். அந்தக் காலத்தில் சிபிஎஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த அமெரிக்கக் கொலம்பியாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1970களின் நடுவில் பிங்க் ஃபிளாய்ட் அமெரிக்காவில் அந்த மற்றொரு கொலம்பியாவுக்கே மாறியதால், விற்பனைப் பட்டியல்களில் இரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. பட்டியல் எண்ணைப் பாருங்கள்: நமக்குரியவை டிபி என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குபவை.

இரண்டாம் படி: ஐந்து தட்டுகளையும் அறிதல்

முதலாவது 1967 மார்ச்சில் வந்த டிபி 8156. ஏ பக்கத்தில் 'ஆர்னால்ட் லேன்', பி பக்கத்தில் 'கேண்டி அண்ட் எ கரண்ட் பன்'. இரண்டும் பாரெட் எழுதியவை. செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜோ பாய்ட் தயாரித்தார். கொடியில் காயும் பெண்களின் துணிகளைத் திருடும் ஒருவனைப் பற்றிய பாட்டு என்பதால், கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பிவந்த ரேடியோ லண்டன் நிலையம் இதைத் தடை செய்தது. மறுபக்கத்துப் பாட்டின் முதல் தலைப்பு போதைச் சுருட்டைக் குறித்ததால், தலைப்பையும் வரிகளையும் மாற்றிய பிறகே வெளியிட முடிந்தது. தடையையும் மீறிப் பட்டியலில் 20ஆம் இடம் வரை சென்றது.

இரண்டாவது 1967 ஜூனில் வந்த டிபி 8214: 'சீ எமிலி ப்ளே', பின்புறம் 'ஸ்கேர்குரோ'. இஎம்ஐயின் நார்மன் ஸ்மித் இப்போது தயாரிப்பாளர். ஆனால் முதல் சிங்கிளின் ஒலியை மீண்டும் பிடிக்கவேண்டும் என்பதற்காக, இஎம்ஐயின் சொந்தக் கூடமான அபே ரோட்டை விட்டு மறுபடியும் சவுண்ட் டெக்னிக்ஸுக்கே சென்று பதிவு செய்தார்கள். 6ஆம் இடத்தைப் பிடித்த இதுவே ஐந்தில் மிகப்பெரிய வெற்றி. ஆகவே இன்று சந்தையில் மிகுதியாகக் கிடைப்பதும் இதுவே. இந்தப் பாட்டின் மூல நான்கு தட ஒலிநாடா இப்போது இல்லை. எனவே உண்மையான ஸ்டீரியோ கலவையும் இல்லை. பின்னாளில் ஸ்டீரியோ எனத் தொகுப்புகளில் வந்தவை ஒற்றைத்தட ஒலியைச் செயற்கையாகப் பிரித்தவையே. 1967ஆம் ஆண்டின் மோனோ, அதாவது ஒற்றைத்தட, தட்டில் இருப்பதுதான் அந்தப் பாட்டு.

மூன்றாவது 1967 நவம்பரில் வந்த டிபி 8310: 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்', பின்புறம் குழுவின் கீபோர்டு வாசிப்பாளர் ரிச்சர்ட் ரைட் எழுதிய 'பெயின்ட் பாக்ஸ்'. குழுவுக்காகப் பாரெட் எழுதி வெளிவந்த கடைசி சிங்கிள் பாட்டு இது. பட்டியலில் இது இடம்பெறவே இல்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் டேவிட் கில்மோர் குழுவில் சேர்ந்தார். 1968 ஏப்ரலில் பாரெட்டின் விலகல் அறிவிக்கப்பட்டது.

அதே ஏப்ரலில் நான்காவதாக டிபி 8401 வந்தது. ரைட் எழுதிய 'இட் வுட் பி ஸோ நைஸ்' ஏ பக்கம். ரோஜர் வாட்டர்ஸ் எழுதிய 'ஜூலியா ட்ரீம்' பி பக்கம். பாட்டில் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் என்ற செய்தித்தாளின் பெயர் வந்ததை விளம்பரமாகக் கருதிய பிபிசிக்காக, பெயரை டெய்லி ஸ்டாண்டர்ட் என மாற்றித் தனியாக ஒரு பதிப்பும் தயாரிக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டும் பட்டியலில் இடமில்லை. இசைக்குழுவினரே பின்னர் இந்தப் பாட்டை ஏளனமாகத்தான் பேசினார்கள். அவர்கள் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் மறுபக்கம் ஏ பக்கத்தைவிடப் பல மடங்கு மேல் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐந்தாவது 1968 டிசம்பரில் வந்த டிபி 8511: 'பாயின்ட் மீ அட் த ஸ்கை', பின்புறம் 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜீன்'. இதுவும் விற்கவில்லை. சிங்கிள் சந்தையை விட்டு இந்தக் குழு விலகியது இதன் பிறகுதான். ஆனால் பி பக்கத்தில் இருந்த அந்த வாத்திய இசைதான் அடுத்த சில ஆண்டுகள் அவர்களுடைய மேடைகளில் தவறாமல் வாசிக்கப்பட்டு, நீண்டு வளர்ந்து, அவர்களுடைய புதிய வழியாகவே ஆயிற்று.

ஐந்தையும் வரிசையாக வைத்துப் பி பக்கங்களை மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன். ஏ பக்கங்களில், தலைவனை இழந்த குழு அவனுடைய பாணியிலேயே இன்னொரு வெற்றிப்பாட்டுக்காகத் தடுமாறுவது கேட்கும். பி பக்கங்களில், யாரும் கவனிக்காத துணிச்சலில், ரைட்டும் வாட்டர்ஸும் பிறகு நால்வரும் சேர்ந்தும் தங்கள் குரலைக் கண்டடைவது கேட்கும். ஆகவே ஒரு பிரதியை வாங்கும்போது பி பக்கத்தின் நிலையையும் ஏ பக்கத்துக்கு இணையாகவே எடைபோட வேண்டும். விற்பவர்களில் பலர் ஏ பக்கத்தை மட்டும் பார்த்தே தரம் சொல்கிறார்கள்.

விலையின் தர்க்கமும் இதே வரலாற்றிலிருந்து பிறக்கிறது. அதிகம் விற்ற 'சீ எமிலி ப்ளே' எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. 'ஆர்னால்ட் லேன்' அதற்கு அடுத்தது. விற்காமல் போன கடைசி மூன்றும் அரியவை. பொதுவாகச் சொன்னால், முதல் இரண்டும் நல்ல நிலையில் பவுண்டில் இரண்டு இலக்கங்களில் பேசப்படுபவை. கடைசித் தட்டு நல்ல நிலையில் இருந்தால் மூன்று இலக்கங்களுக்குத் தயாராக இருக்கவேண்டும்.

மூன்றாம் படி: தட்டைப் படிக்கக் கற்றல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். இசைத்தட்டு சேகரிப்பில் நம்பத்தக்க சாட்சி தட்டுதான். உறையையும் விற்பவர் சொல்லும் கதையையும் அதற்குப் பிறகுதான் பார்க்கவேண்டும்.

தட்டின் நடுவே இருக்கும் வட்டக் காகிதமான லேபிளிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கொலம்பியா சிங்கிள்களின் லேபிள் கறுப்பு நிறம், எழுத்து வெள்ளி நிறம், கூடவே இரண்டு இசைக்குறிகள் இணைந்த நிறுவனச் சின்னம். லேபிளின் விளிம்பைச் சுற்றி ஓடும் சிறிய எழுத்துகளில் கிராமோஃபோன் கம்பெனி லிமிடெட் என்ற பெயர் இருக்கும். பிரிட்டனில் விற்பனை விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்ற வாசகமும் லேபிளின் மீது அச்சிடப்பட்டிருக்கும். 1960களின் இறுதியில் இஎம்ஐ அந்த வாசகத்தைக் கைவிட்டது. நடுத்துளையைச் சுற்றி அழுத்தி எடுக்கத்தக்க மையப்பகுதி இருக்கும். ஜூக்பாக்ஸில் போடுவதற்காக அதை உடைத்து எடுத்திருந்தால் தட்டு கெட்டுப்போனதாகப் பொருளில்லை, ஆனால் மதிப்பு குறையும். அதோடு, ஜூக்பாக்ஸில் ஓடிய தட்டு என்றால் கனமான முள்ளில் நூற்றுக்கணக்கான முறை தேய்ந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

சில பிரதிகளின் லேபிளில், நடுத்துளையை ஒட்டி, மை இல்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு சிறிய எழுத்துகள் தெரியும். அவை அந்தக் காலத்துக் கொள்முதல் வரிக் குறியீடு. சாய்ந்த வெளிச்சத்தில் தட்டைத் திருப்பிப் பார்த்தால்தான் கண்ணில் படும். எல்லாப் பிரதிகளிலும் இது இருக்காது என்பதால், இல்லாததைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தால் காலத்துக்கு அது கூடுதல் சான்று.

அடுத்து, பாட்டின் பள்ளங்கள் முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையம். இங்கேதான் உண்மையான அடையாளச்சீட்டு இருக்கிறது. லேபிளை நேராகப் பிடித்துக்கொண்டு தட்டை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். 6 மணி இருக்கும் இடத்தில் அந்தப் பக்கத்தின் அடையாளமான மேட்ரிக்ஸ் எண் இயந்திரத்தால் அச்சிட்டதுபோல ஒரே சீராகப் பதிந்திருக்கும். அதன் இறுதியில் ஒரு இலக்கமும் என் என்ற எழுத்தும் வரும். அந்த இலக்கம், ஒலிநாடாவிலிருந்து மூலத் தட்டு எத்தனையாவது முறையாக வெட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது. 1 என்றிருந்தால் முதல் வெட்டு.

9 மணி இருக்கும் இடத்தில் தனியாக ஒரு இலக்கம் இருக்கும். அது தாய் அச்சின் எண்; அழுத்து அச்சுகளை உருவாக்கப் பயன்பட்ட உலோகத் தட்டு அது. 3 மணி இருக்கும் இடத்தில் ஒன்றோ அதற்கு மேற்பட்டோ ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை வினைலை அழுத்தித் தட்டாக்கும் அழுத்து அச்சின் எண்ணை எழுத்தால் குறிப்பவை. கிராமோஃபோன் லிமிடெட் என்ற பெயரின் எழுத்துகளை எடுத்து இஎம்ஐ இந்தக் குறியீட்டை அமைத்தது. ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8. ஆங்கில அகரவரிசையின் இருபதாம் எழுத்தான டீ 9. நான்காம் எழுத்தான டி பூஜ்யம். எனவே 3 மணி இடத்தில் ஆர் என்று இருந்தால் இரண்டாம் அச்சு. ஜியும் ஓவும் சேர்ந்து இருந்தால் 15ஆம் அச்சு. மிடில்செக்ஸின் ஹேய்ஸ் நகரில் இருந்த இஎம்ஐ ஆலையில் அழுத்தப்பட்ட தட்டுகளில் எல்லாம் இந்த முறையே பின்பற்றப்பட்டது.

இந்த அறிவின் முதல் பயன் போலியைப் பிடிப்பது. போலித் தட்டுகளில் பெரும்பாலும் மேட்ரிக்ஸ் எண்ணைக் கையால் கீறியிருப்பார்கள், அல்லது 9 மணி, 3 மணி இடங்கள் வெறுமையாக இருக்கும். இந்த மூன்று இடங்களையும் தெளிவாகக் காட்டும் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்கவேண்டியதில்லை. குறைந்த அச்சு எண்ணைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் விற்ற 'சீ எமிலி ப்ளே'யில் முதல் அச்சுகளில் ஒன்று கிடைப்பது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் குறைவாகவே அழுத்தப்பட்ட கடைசித் தட்டுகளில் எல்லா எண்களும் சிறியவையாக இருப்பதே இயல்பு; அதற்காக ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

நான்காம் படி: உறையும் விளம்பரப் பிரதியும்

பிரிட்டனில் இந்தச் சிங்கிள்கள் கடைகளுக்கு வந்தது படம் அச்சிட்ட உறையில் அல்ல, கொலம்பியாவின் பொதுவான நிறுவன உறையில். ஆகவே படம் போட்ட பிரிட்டிஷ் உறையோடு ஒரு விற்பனைப் பிரதி வந்தால் உடனே எச்சரிக்கை அடையவேண்டும். ஒன்று, விளம்பரப் பிரதியின் உறையைப் பிரித்து இதில் சேர்த்திருப்பார்கள்; இல்லையென்றால் உறையே நகலாக இருக்கும்.

விளம்பரப் பிரதி என்பது வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் வெளியீட்டுக்கு முன்பே அனுப்பப்பட்டது. அதன் லேபிளில் பாட்டின் முதன்மைப் பக்கத்தைக் காட்ட ஏ என்ற எழுத்து பெரிதாக இருக்கும். விற்பனைக்கு அல்ல என்ற வாசகமும், வெளியீட்டுத் தேதியும் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு சிங்கிள்களின் விளம்பரப் பிரதிகள் படம் அச்சிட்ட உறைகளோடு அனுப்பப்பட்டன. அவற்றுள் 'சீ எமிலி ப்ளே' உறையில் இருப்பது பாரெட் தன் கையால் வரைந்த ரயில் ஓவியம். இந்த உறைகள்தான் இந்தத் துறையின் உச்சப் பொருள்கள், அதனாலேயே அதிகம் நகலெடுக்கப்படுபவையும் அவையே. நகை பார்க்கும் உருப்பெருக்கியால் உறையைப் பாருங்கள். பழைய உறையில் கோட்டோவியமும் எழுத்தும் கூர்மையான விளிம்போடு நிற்கும்; பழைய உறையைப் படமெடுத்து மறுபடி அச்சிட்ட நகலில் எழுத்தின் விளிம்புகளும் நுண்புள்ளிகளாகச் சிதறித் தெரியும். மடிப்புக் கோடுகளும் கறைகளும் அச்சின் பகுதியாகவே பதிந்திருந்தால் அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை.

எமிடிஸ்க் என்ற லேபிளோடு வரும் அசிட்டேட் தட்டுகளும் எப்போதாவது ஏலத்துக்கு வரும். அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சுப் பூசி, பாட்டைச் சரிபார்ப்பதற்காக வெட்டியவை அவை. ஒவ்வொரு முறை முள் ஓடும்போதும் தேயும் இயல்புடையவை. காலப்போக்கில் மேற்பரப்பில் வெண்மையான பூச்சு படர்வதும் உண்டு. நம்பகமான ஏலநிறுவனத்தின் ஆவணங்கள் இல்லாமல் இவற்றின் பக்கம் தொடக்கநிலைச் சேகரிப்பாளர் போகவேண்டாம்.

ஐந்தாம் படி: தரத்தைக் கணித்தல்

இரண்டு தரமுறைகள் வழக்கில் உள்ளன. பிரிட்டனில் ரெக்கார்ட் கலெக்டர் இதழ் வகுத்த முறை: மிண்ட், எக்ஸலண்ட், வெரி குட், குட் என்று இறங்கும். அமெரிக்காவில் கோல்ட்மைன் இதழின் முறை: மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் ப்ளஸ், வெரி குட் என்று இறங்கும். டிஸ்காக்ஸ் என்ற இணையச் சந்தை இந்த இரண்டாவதையே பின்பற்றுகிறது. பிரிட்டனின் எக்ஸலண்டும் அமெரிக்காவின் வெரி குட் ப்ளஸ்ஸும் ஏறக்குறைய ஒன்றே. விலை ஒப்பிடும்போது எந்த முறையில் தரம் சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் கணக்கு தவறிவிடும். எந்த முறையானாலும் குட் என்பதை அகராதிப் பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் துறையில் குட் என்றால் நன்றாகத் தேய்ந்தது என்று பொருள்.

கண்ணுக்குத் தெரியும் கீறலைவிடக் கண்ணுக்குத் தெரியாத தேய்மானமே மோசமானது. 1967இல் இந்தத் தட்டுகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் பதின்வயதினர். அவர்களிடம் இருந்தவை கனமான முள் கொண்ட சிறிய பெட்டிக் கருவிகள். பளபளப்பாகத் தெரியும் தட்டுகூட உரத்த இடங்களில் இரையும். 'சீ எமிலி ப்ளே'யின் உச்சப் பகுதிகளும் 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜீன்' பாட்டில் வரும் அலறலும் இதைச் சோதிக்க ஏற்ற இடங்கள்: அங்கே ஒலி உடையாமல் இருந்தால் பள்ளம் நல்ல நிலையில் இருக்கிறது. பக்கத்தின் கடைசி நிமிடத்தையும் கேட்கவேண்டும், ஏனென்றால் தட்டின் உட்பகுதியில் பள்ளம் நெருக்கமாக வளைவதால் தேய்மானம் அங்கேதான் முதலில் காதில் படும். நேரில் கேட்க முடியாதபோது, அந்த இடங்களை வாசித்து ஒலிப்பதிவு அனுப்பும்படி விற்பவரிடம் கேட்பது முறையற்ற செயல் அல்ல. விலை மூன்று இலக்கம் என்றால் அது உங்கள் உரிமை.

லேபிளின் மீது பழைய உரிமையாளர் பேனாவால் பெயர் எழுதியிருப்பது சாதாரணம். மதிப்பு சற்றுக் குறையும். பள்ளம் நன்றாக இருந்து பெயர் மட்டும் எழுதியிருக்கும் பிரதியே கேட்பதற்காகச் சேகரிப்பவருக்குச் சிறந்த பேரம் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆறாம் படி: வாங்குதல்

விலையைத் தெரிந்துகொள்ளப் பட்டியலிட்ட விலையைப் பார்க்கக்கூடாது. விற்ற விலையைப் பார்க்கவேண்டும். டிஸ்காக்ஸில் ஒவ்வொரு பதிப்புக்கும் கடந்த விற்பனைகளின் வரலாறு உண்டு. பாப்சைக் தளம் பழைய ஏல முடிவுகளைத் தொகுத்துத் தருகிறது. ஃபார்ட்டிஃபைவ்கேட் தளத்தில் லேபிள் படங்கள் பதிப்புவாரியாக இருப்பதால் ஒப்பிட உதவும். ரெக்கார்ட் கலெக்டர் இதழ் வெளியிடும் அரிய இசைத்தட்டு விலை நூல் ஓர் அளவுகோல்தான். அதில் காணும் விலை மிண்ட் நிலைக்குரியது என்பதை நினைவில் வைத்தால் ஏமாற்றம் இருக்காது.

எளிதானதில் தொடங்கி அரியதை நோக்கிச் செல்வதே வழக்கமான அறிவுரை. நான் அதைப் பாதிதான் ஏற்கிறேன். முதலில் 'சீ எமிலி ப்ளே'யை வாங்கவேண்டும் என்பது சரி, ஏனென்றால் லேபிளையும் மேட்ரிக்ஸையும் கையில் வைத்துப் படிக்க மலிவான அசல் ஒன்று தேவை. ஆனால் அதன்பின் 'பாயின்ட் மீ அட் த ஸ்கை'க்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுங்கள். நல்ல நிலையில் அது அடிக்கடி வருவதில்லை. வரும் நாளில் கையிலிருந்த பணத்தை மற்ற மூன்றில் செலவழித்திருந்தால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் தட்டின் விலையோடு அஞ்சல் செலவையும் தங்கள் நாட்டுச் சுங்கவரியையும் சேர்த்த பிறகே பேரம் மலிவா என்று தீர்மானிக்கவேண்டும். தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டையும் தனித்தனியாக, கெட்டியான அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பும்படி எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினால் பயணத்தில் தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துவிடும்.

ஏழாம் படி: பிற நாடுகளின் பதிப்புகள்

ஐந்தும் சேர்ந்த பிறகு கண்கள் தாமாகவே பிரான்சுக்குத் திரும்பும். அங்கே அந்தக் காலத்தில் சிங்கிளைவிட, படம் அச்சிட்ட கெட்டி உறையில், இரண்டுக்கும் மேற்பட்ட பாட்டுகளோடு வரும் ஈபி வடிவமே வழக்கத்தில் இருந்தது. 1967இல் வந்த பிரெஞ்சு 'ஆர்னால்ட் லேன்' ஈபியில் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' பாட்டின் சுருக்கப்பட்ட மாற்றுப் பதிவு இருக்கிறது. முதல் ஆல்பத்தின் 40ஆம் ஆண்டுப் பதிப்பில், 2007இல், இந்தப் பதிவு சேர்க்கப்படும் வரை அந்த ஈபியைத் தேடியவர்களுக்கு இசை சார்ந்த காரணமும் இருந்தது. இப்போது தேடுபவர்களுக்கு உறையின் அழகும் அரிய தன்மையுமே காரணம், விலையோ குறையவில்லை.

அமெரிக்காவில் கேப்பிட்டலின் துணை லேபிளான டவர் இவர்களை வெளியிட்டது. பிரிட்டனில் சிங்கிளாக வராத 'ஃபிளேமிங்', 'லெட் தேர் பி மோர் லைட்' ஆகியவை அங்கே சிங்கிள்களாக வந்தன. எதுவும் அங்கே விற்கவில்லை என்பதால், கடைப் பிரதியைவிட வானொலி நிலையங்களுக்குச் சென்ற விளம்பரப் பிரதியே இன்று அதிகம் கண்ணில் படும் என்ற தலைகீழான நிலை. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் ஓடியன் லேபிளில் வெளியிட்டது. அந்த நிறுவனம் தூசி ஒட்டாத தன்மைக்காகச் சிவப்பு வினைலைப் பயன்படுத்திய காலம் அது என்பதால், அழகுக்காக மட்டுமே அவற்றைத் தேடுபவர்கள் உண்டு.

புதிய மறுபதிப்புகளை அசல் என மயங்காமல் இருக்கவும் அறிந்துகொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டு ரெக்கார்ட் ஸ்டோர் டே என்ற இசைத்தட்டுக் கடைகளின் கொண்டாட்ட நாளுக்காக 'சீ எமிலி ப்ளே' இளஞ்சிவப்பு வினைலில், பாரெட்டின் ரயில் ஓவியம் தாங்கிய உறையில் வந்தது. 2016 நவம்பரில் வந்த 'தி எர்லி இயர்ஸ்' பெட்டியில் ஐந்து சிங்கிள்களும் ஏழு அங்குல நகல்களாக இருந்தன. பெட்டியைப் பிரித்து அவற்றைத் தனித்தனியாக விற்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். நேர்மையாக விற்றால் குறைசொல்ல ஒன்றுமில்லை. பாட்டைக் கேட்க மட்டும் விரும்புபவருக்கு அவை நல்லவையே.

எட்டாம் படி: கேட்டலும் காத்தலும்

எல்லாம் மோனோ தட்டுகள் என்பதால், ஒலிபெருக்கியில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள்; பாதி இரைச்சல் அதிலேயே அடங்கும். அந்தக் காலத்து மோனோ பள்ளத்துக்கு 25 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை முனை முள் பொருத்தமானது. பழைய ஸ்டீரியோ முட்களின் தேய்மானம் படாத பள்ளச்சுவரின் பகுதியை அது தொட்டு ஓடுவதால், தேய்ந்த தட்டுகூடச் சில சமயம் வியக்கும்படி பாடும்.

புதிதாக வந்த தட்டை வாசிக்கும் முன் கழுவவேண்டும். காய்ச்சி வடித்த நீரில் சிறிதளவு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மென்மையான தூரிகை, பள்ளத்தின் திசையிலேயே வட்டமாகத் துடைத்தல், லேபிளை நனைக்காதிருத்தல்: இவ்வளவே. ஆல்கஹால் கலவையை அசிட்டேட்டிலும் பழைய அரக்குத் தட்டிலும் ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. நன்றாக உலர்ந்தபின் புதிய உள்ளுறையில் இடுங்கள். அசலான கொலம்பியா உறையைத் தட்டில்லாமல் தனியே அதன் பின்னால் வைத்துக்கொள்ளலாம். வெளியே போடும் பிளாஸ்டிக் உறை பாலிஎத்திலீனாகவோ பாலிப்ரொப்பிலீனாகவோ இருக்கட்டும். பிவிசி உறை ஆண்டுகள் செல்லச்செல்லத் தட்டின் மேல் மங்கலான படிவை விட்டுவிடும். அது எந்தக் கழுவலிலும் போகாது.

தட்டுகளை நிமிர்த்தி, நெருக்கமாக, ஆனால் அழுந்தாமல் வைக்கவேண்டும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் தட்டைவிடக் காகித உறையும் லேபிளும்தான் முதலில் பூஞ்சைக்கு இரையாகும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

ஒவ்வொரு தட்டுக்கும் வாங்கிய தேதி, விலை, மூன்று இடங்களிலும் இருக்கும் குறியீடுகள், இரண்டு பக்கங்களின் தரம் ஆகியவற்றை எழுதி, லேபிள்களின் படத்தோடு சேர்த்துவையுங்கள். ஐந்தும் சேர்ந்து அடுத்து எங்கே செல்வது என்ற கேள்வி எழுந்தால், பாரெட் தனியாக வெளியிட்ட 'ஆக்டபஸ்' இருக்கிறது: 1969 நவம்பர், ஹார்வெஸ்ட் லேபிள், எண் எச்ஏஆர் 5009, பின்புறம் 'கோல்டன் ஹேர்'. பிரிட்டனில் வெளியான அதன் அசல் பிரதி, மேலே சொன்ன ஐந்தில் எதையும்விட உங்களை அதிக நாள் காத்திருக்க வைக்கக்கூடும்.